குறும்படம் எங்கே சிக்குகிறது: சம்பளமில்லாக் குழுவோடு படமெடுப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆர்வத்தின் பேரில் கூடிய குழுவை வைத்துக் குறைந்த செலவில் எடுக்கப்படும் குறும்படத்தில், பிழை தென்படும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. படத்தொகுப்பின்போது காதில் விழும் இரைச்சல், லொகேஷனைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே படத்துக்குள் நுழைந்திருக்கும். படப்பிடிப்பன்று வராமல்போன நடிகரின் காரணம், அவரிடம் முதன்முதலில் பேசியபோது சொல்லாமல் விட்ட ஒரு தகவலில் இருக்கும். பணம் உள்ள தயாரிப்பில் இவற்றை இன்னொரு நாள் படப்பிடிப்பு வைத்துச் சரிசெய்துவிடலாம்; இங்கே நம் கையிருப்பு பிறருடைய விடுமுறை நாள்கள்தான், அவை திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், அந்த நேரத்தில் செய்யக்கூடிய பரிகாரத்தோடு, அது எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: படப்பிடிப்பன்று ஆட்கள் வரவில்லை

வராதவர் யார் என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை அமையும். நடிகர் வரவில்லை என்றால் நாளைக் கைவிட வேண்டியதில்லை. அவர் இல்லாத காட்சிகளை முன்னே கொண்டுவரலாம். பொருள்களின் நெருக்கக் காட்சிகள், காலி அறை, வெளிப்புறக் காட்சிகள், தனி ஒலிகள் ஆகியவற்றை எடுத்து முடிக்கலாம். உரையாடல் காட்சியில் எதிரே இருப்பவரின் க்ளோஸ்-அப்பை மட்டும் எடுப்பதும் இயலும். வராத நடிகரின் உயரத்தில், அவர் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவரை நிறுத்தி வசனத்தைப் படிக்கச் செய்தால் பார்வைத் திசை பிசகாது.

தொழில்நுட்பக் குழுவில் ஆள் குறைந்தால், எந்த இரண்டு வேலைகளை ஒருவரிடம் சேர்க்கலாம் என்பதில் கவனம் வேண்டும். கேமராவையும் விளக்கமைப்பையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். உடை, ஒப்பனை, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருள்களும் மாறாமல் பார்த்துக்கொள்வது) மூன்றையும் ஒருவர் சமாளிக்க முடியும். ஒலிப்பதிவை மட்டும் வேறு எந்த வேலையோடும் சேர்க்கக் கூடாது. ஹெட்போன் மாட்டியவரின் காது அந்த வேலையிலேயே இருக்க வேண்டும். இயக்குநரே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடும் நடைமுறையில் நிற்பதில்லை, ஏனெனில் இன்னொரு டேக் (அதே ஷாட்டை மறுபடி பதிவது) வேண்டும் என்று கேட்பவரே நேரமாகிவிட்டது என்று சொல்லக்கூடியவராக இருப்பது அரிது.

காரணத்தைத் தேடிப்போனால், பெரும்பாலும் அது தெளிவற்ற அழைப்பில் போய் முடியும். "ஒரு படம் எடுக்கிறோம், வந்து உதவுங்கள்" என்பதற்கு எல்லாரும் சம்மதிப்பார்கள். அந்தச் சம்மதம் எந்தத் தேதிக்கும் உரியதன்று. எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், என்ன வேலை, எங்கே சாப்பாடு, வண்டிச் செலவு யாருடையது ஆகியவற்றை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால், வர முடியாதவர் அப்போதே விலகிவிடுவார்; அந்த விலகல் நமக்கு நல்லதே. ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து உறுதி செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இட்ட செய்திக்கு வந்த கட்டைவிரல் குறியை ஒப்புதலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. பிற்பகலில் மட்டும் காட்சி உள்ளவரை விடியற்காலையில் வரவழைத்து உட்கார வைத்தால், அடுத்த நாள் அவர் வராமல்போவதற்கு நாமே காரணமாகிவிடுகிறோம்.

நாள்களைப் பரப்பிவைப்பதும் ஒரு காரணம். நான்கு வாரங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என்று திட்டமிடுவதைவிட அடுத்தடுத்த இரண்டு நாள்கள், வேண்டுமானால் இரண்டு முறை, என்று வைப்பதே மேல் என்பது என் கருத்து. இடைவெளி நீளநீள ஆட்கள் கழன்றுகொள்வார்கள், நடிகர் முடி வெட்டிக்கொள்வார், இரவல் வாங்கிய லென்ஸை உரியவர் திரும்பக் கேட்பார்.

அறிகுறி: உச்சிப்பொழுது வந்தும் பாதி வேலை முடியவில்லை

அன்றைய முதல் ஷாட் எத்தனை மணிக்குப் பதிவானது என்பதைக் குறித்து வைத்திருந்தால் நோய் எது என்பது உடனே தெரியும். முதல் ஷாட்டே தாமதமாகியிருந்தால் விளக்கமைப்பும் பொருள் தேடலும் நேரத்தைத் தின்றிருக்கின்றன. முதல் ஷாட் நேரத்துக்கு நடந்து, ஒவ்வொரு ஷாட்டும் பல டேக்குகளுக்கு நீண்டிருந்தால் ஒத்திகை போதவில்லை. டேக்குகள் குறைவாக இருந்தும் நேரம் போயிருந்தால் கேமரா இடமாற்றங்கள் அதிகம்.

கடைசியாகச் சொன்னதுதான் புதிய குழுக்களை அதிகம் பாதிக்கிறது. கேமராவையும் விளக்கையும் ஒரு முறை இடம் மாற்றி அடுத்த ஷாட்டுக்கு ஆயத்தமாவதற்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 10 மணி நேர வேலை நாளில், சாப்பாட்டுக்கும் பொருள்களை இறக்கி ஏற்றுவதற்கும் இரண்டரை மணி நேரம் போக, 15 ஷாட்டுகளே கைக்கு வரும். ஷாட் பட்டியலில் 40 வரிகள் இருந்தால் அந்த நாள் தொடங்கும் முன்பே தோற்றுவிட்டது. வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பார்கள். ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு பக்கங்களுக்கு மேல் திட்டமிடாமலிருப்பது பாதுகாப்பானது.

நடுப்பகலில் இதைக் கண்டுபிடித்தால், பத்து நிமிடம் எல்லாரையும் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் உதவி இயக்குநரும் மீதமுள்ள பட்டியலை வெட்ட வேண்டும். கதையை நகர்த்தாத ஷாட்டுகள் முதலில் போகட்டும். ஒரே கோணத்தில் எடுக்கக்கூடியவற்றைக் காட்சி வரிசையைப் பாராமல் சேர்த்து எடுத்துவிடுங்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தால் அகன்ற ஷாட்டுகளுக்கே முன்னுரிமை, ஏனெனில் க்ளோஸ்-அப்பை மாலைக்குப் பிறகும் ஒரு விளக்கை வைத்துப் பகலாகக் காட்டிவிடலாம், தெருவையோ வயலையோ அப்படிக் காட்ட முடியாது.

அறிகுறி: குழுவில் முகங்கள் இறுகுகின்றன

வேலை தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாடு, ஒரு நாளைக்கு மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, சொன்ன நேரத்தில் வீட்டுக்கு அனுப்புதல் ஆகிய மூன்றில் எது தவறியது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். சும்மா நிற்பவர்களும் உழைத்துக் களைப்பவர்களைப் போலவே சலித்துப்போகிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவது நல்லது.

அறிகுறி: வசனம் தெளிவாகக் கேட்கவில்லை

குறைந்த செலவுக் குறும்படங்களைக் கெடுப்பதில் இதற்கு நிகர் வேறில்லை. படம் சற்று இருட்டாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் எழுந்துவிடுவார். முதலில் காதை முழுதும் மூடும் ஹெட்போனில் கேட்டு, குறை எவ்வகையானது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தால், மைக் வாயிலிருந்து தொலைவில் இருந்திருக்கிறது. தூரம் இரட்டிப்பாகும்போது நேரடியாக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, அதனால் குரலைவிட அறையே பெரிதாகக் கேட்கிறது. இதை மென்பொருளில் ஓரளவே குறைக்க முடியும். படப்பிடிப்பில் இருக்கும்போதே கவனித்தால் பரிகாரம் எளிது: பூம் மைக்கை, அதாவது நீண்ட கோலின் முனையில் மாட்டிய மைக்கை, சட்டகத்தின் விளிம்பு வரை இறக்கி, வாய்க்கு மேலே அரை மீட்டர் அளவில் நிறுத்துங்கள், கேமராவுக்குப் பின்னாலும் தரையிலும் கம்பளி, மெத்தை, கனத்த திரைச்சீலை ஆகியவற்றை இடுங்கள். கேமராவின் தலையில் மாட்டிய மைக் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், கேமரா நிற்கும் தூரத்தில்தான் அதுவும் நிற்கிறது. நிரந்தரத் தீர்வு லொகேஷன் பார்க்கும் நாளில் இருக்கிறது. அங்கே ஒரு முறை கைதட்டி, ஒலி எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு நடக்கவிருக்கும் அதே நேரத்தில் போய்க் கேட்டால் அந்தத் தெருவின் இரைச்சலும் தெரிந்துவிடும்.

ஒரே சீராக ரீங்காரம் கேட்டால் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, ஏசி ஆகியவற்றில் ஒன்று ஓடியிருக்கும். இவ்வகை இரைச்சலை மென்பொருள் நன்றாகவே குறைக்கும். எனினும் அணைத்துவிடுவதே முறை. குளிர்சாதனப் பெட்டியை அணைப்பவர் தம் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பது படப்பிடிப்புத் தளங்களில் பழகிவந்த ஒரு தந்திரம். மீண்டும் இயக்க மறந்து யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. ரீங்காரம் கனத்த, தாழ்ந்த சுருதியில் இருந்தால், மின்சாரக் கம்பியும் மைக் கம்பியும் அருகருகே ஓடியிருக்கக்கூடும். இரண்டையும் விலக்கிப் போடுங்கள். கடந்தே தீர வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்கச் செய்யுங்கள்.

உரத்த சொற்களில் மட்டும் ஒலி கிழிந்தால், பதிவு அளவு டிஜிட்டல் உச்சவரம்பான பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கிறது. அங்கே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டதால் முழுமையான மீட்பு இல்லை. சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு வைத்துக்கொண்டு, நடிகர் கத்தும் காட்சிக்கு ஒத்திகையில் முழுக் குரலில் கத்தச் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும். ஒத்திகையில் மெல்லப் பேசிவிட்டு டேக்கில் வெடிப்பது நடிகர்களின் இயல்பு. கருவியில் வசதி இருந்தால் இன்னொரு தடத்தில் 10 முதல் 12 டெசிபல் குறைத்து ஒரு காப்புப் பதிவையும் ஓடவிடலாம்.

வசனம் தெளிவாக இருந்தும் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி மாறிமாறித் துள்ளினால், அறையின் வெற்றொலி பதிவு செய்யப்படவில்லை என்று பொருள். ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அதே மைக்கில் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை மௌனத்தைப் பதிய வேண்டும். கடைசியில் செய்வோம் என்று தள்ளினால் விளக்குகளைக் கழற்றும் சத்தம்தான் பதிவாகும். ஆகவே சாப்பாட்டுக்குக் கலையும் முன் செய்துவிடுங்கள். ஏற்கெனவே தவறவிட்டிருந்தால் "ஆக்‌ஷன்" என்று சொல்வதற்கு முந்தைய விநாடிகளையும் வசனங்களுக்கு இடையிலான இடைவெளிகளையும் சேகரித்துக் கோத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வரியில் வண்டிச் சத்தம் குறுக்கிட்டால், அந்த ஷாட் முடிந்தவுடன், நடிகரின் மனநிலை மாறுவதற்குள், மைக்கை வாயருகே கொண்டுபோய் அந்த வரியை மட்டும் மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். டப்பிங் கடைசி வழி. பழக்கமில்லாத நடிகர் பல வாரம் கழித்துத் தம் உதட்டோடு தம் குரலையே பொருத்துவது, திரும்ப நடிப்பதைவிடக் கடினமான வேலை.

அறிகுறி: உதட்டசைவும் ஒலியும் விலகுகின்றன

தொடக்கத்திலிருந்து முடிவு வரை விலகல் ஒரே அளவாக இருந்தால் ஒலித் தடத்தை நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் வேகக் கணக்கில் பிழை. பல கைப்பேசிகள் விநாடிக்கான பிரேம் எண்ணிக்கையை ஒளிக்கேற்பத் தாமே ஏற்றி இறக்குகின்றன. அத்தகைய கோப்பைத் தொகுப்புக்கு எடுக்கும் முன் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்ற வேண்டும். 30 பிரேம் என்று நினைத்தது உண்மையில் 29.97 ஆக இருந்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும். ஒலிப்பதிவுக் கருவியின் மாதிரியெடுப்பு வேகத்தை (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை) படத்துறையின் வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும், இரு கருவிகளின் கடிகாரங்களும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதால், மிக நீண்ட டேக்கில் சிறு விலகல் வரலாம். இடையில் ஓரிடத்தில் வெட்டிச் சரிசெய்தால் முடிந்தது. ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காக டேக்கின் தொடக்கத்தில் பலகையைத் தட்டும் கிளாப்பை அடிக்க மறந்தால், டேக்கின் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது வழக்கம்.

அறிகுறி: படம் துடிக்கிறது, அல்லது தோல் நிறம் பிசகுகிறது

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் துடிப்பு மறையும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120. இருந்தும் துடித்தால், ஒளி குறைக்கப்பட்ட மலிவான எல்.இ.டி. விளக்கே காரணமாக இருக்கலாம். அதை முழு ஒளியில் எரியவிட்டுத் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் சிறு விளக்கின் ஒளி கால் பங்காகக் குறைந்துவிடும்.

ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் தெரிந்தால், சன்னல் வழியே வரும் 5600 கெல்வின் பகலொளியும் அறையிலுள்ள 3200 கெல்வின் விளக்கும் கலந்திருக்கின்றன. ஒன்றை அணைப்பது எளிது, இரண்டையும் சமன்செய்வது கடினம். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பு) எப்போதும் அணைந்தே இருக்கட்டும். இருட்டான காட்சியில் மணல்மணலாகத் தெரிவது, இருட்டிலேயே எடுத்ததால் வருவது. போதிய ஒளியில் எடுத்து, நிறத் திருத்தத்தில் இருட்டாக்குவதே வழி.

அறிகுறி: ஷாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

பேசும் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் தெரிந்தால், அவர்களுக்கிடையே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியிருக்கிறது. நடுவே அந்தக் கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஒரு நடுநிலை ஷாட்டையோ, நடிகர் இடம்மாறும் ஷாட்டையோ வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. கை, கோப்பை, தலைமுடி ஆகியவற்றின் பொருத்தமின்மைக்கும் இடைச்செருகல் ஷாட்டுகளே மருந்து. ஒவ்வொரு காட்சியிலும் கதவு, கடிகாரம், கைகள், கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் என்று நான்கைந்தை எடுத்துவைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு டேக்கின் முடிவிலும் கைப்பேசியில் ஒரு புகைப்படம் எடுப்பதை, குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கலாம்.

நடிப்பு நன்றாக இருக்கும் டேக்கில் கோப்பை இடம் மாறியிருந்தால், நான் அந்த டேக்கையே எடுப்பேன். நடிப்பு உண்மையாக இருக்கும் இடத்தில் கோப்பையைக் கவனிப்பவர் சிலரே.

அறிகுறி: கோப்பு காணவில்லை, அல்லது திறக்கவில்லை

அந்த மெமரி கார்டில் அதன்பின் ஒரு விநாடிகூடப் பதியாதீர்கள். அழிந்ததாகத் தோன்றும் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருள் அதை எடுக்கக்கூடும். வருமுன் காப்பதற்கு மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்ற விதி போதும். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜி.பி. ஆகும், அதற்கேற்ப ஹார்ட் டிஸ்க்கை முன்கூட்டியே தேடுங்கள். இரு பிரதிகளைத் திறந்து பார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது. அழிக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

அறிகுறி: படத்தொகுப்பு மாதக்கணக்கில் நகரவில்லை

தொகுப்பாளரின் கணினி திணறுகிறதா, தொகுப்பாளரே திணறுகிறாரா என்று முதலில் கேளுங்கள். எச்.265 போன்ற நெருக்கிய கோப்புகள் பழைய கணினியில் தடுமாறும். தொகுப்புக்கு மட்டும் பயன்படும், சிறு அளவுள்ள ப்ராக்ஸி (மாற்றுப் பிரதி) கோப்புகளை உருவாக்கிக்கொண்டால் அது தீரும். இரண்டாவதற்கு மென்பொருள் இல்லை. எந்த டேக் நல்லது என்ற குறிப்பு இல்லாமல் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒருவர் மடியில் கொட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் செய்யுங்கள் என்றால் அவருக்கு ஓய்வு நேரமே வராது. தளத்திலேயே டேக் குறிப்பு எழுதி, காட்சிவாரியாகக் கோப்புகளைப் பிரித்து, வாரம் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். திட்டக் கோப்பின் பிரதி ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் உங்களிடம் வந்துவிட வேண்டும். அவர் விலக நேர்ந்தால் வேறொருவர் தொடர்வதற்கு அது ஒன்றே வழி.

முதல் கோர்வை நினைத்ததைவிட இரு மடங்கு நீளமாகவும் சோர்வூட்டுவதாகவும் இருப்பது இயல்பு. படத்தின் கதையை அறியாத மூவருக்குப் போட்டுக் காட்டி, எங்கே கைப்பேசியை எடுத்தார்கள் என்று கவனியுங்கள். வெட்டுகள் முடிவானபின் ஒலியும் இசையும் தொடங்க வேண்டும்; அதன்பிறகு இயக்குநர் ஒரு காட்சியைத் திரும்பத் திறந்தால், இசையமைப்பாளர், ஒலிக்கலவையாளர், வசனத்தலைப்பு எழுதுபவர் ஆகிய மூவரின் இலவச உழைப்பையும் ஒரே அசைவில் வீணாக்குகிறார்.

அறிகுறி: படம் முடிந்தும் எங்கும் அனுப்ப முடியவில்லை

விழாக்கள் கேட்கும் உரிமைப் பத்திரம் கையில் இல்லாததே முதற்காரணம். பல நாடுகளின் சட்டப்படி, சம்பளமின்றி உழைத்தவரின் படைப்பு உரிமை, எழுத்தில் மாற்றித் தரப்படாதவரை அவரிடமே இருக்கும். நடிகர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், லொகேஷனின் உரிமையாளர் ஆகியோரிடம் முதல் நாளிலேயே ஒரு பக்கக் கையெழுத்தை வாங்குங்கள். பெயர் திரையில் எவ்வாறு வர வேண்டும் என்பதையும் அதே தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வெளிவந்த பாடலுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும்: இயற்றியவரின் பக்கம் ஒன்று, அந்த ஒலிப்பதிவை வைத்திருப்பவரின் பக்கம் ஒன்று. இலவசம் என்று கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும் மாற்றியமைக்கத் தடை உள்ள உரிமத்தைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இசையை அசையும் படத்தோடு பொருத்துவதே மாற்றியமைத்தலாக அந்த உரிமத்தில் கருதப்படுகிறது. படம் முடிந்தபின் அனுமதி மறுக்கப்பட்டால், புதிதாக ஒருவரை இசையமைக்கச் சொல்வதே விரைவான வழி. பிடித்த பாடலுக்கேற்ப வெட்டிய காட்சி வேறெந்த இசையோடும் ஒட்ட மறுக்கும் என்பதால், உரிமை இல்லாத பாடலைத் தொகுப்பின்போதே வைத்துப் பழகாதீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். ஆஸ்கர் விதிகளில் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்; கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடமே எல்லை. திரையரங்கில் காட்டுவதற்கான டி.சி.பி. (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) கோப்பு விநாடிக்கு 24 பிரேமில் இருப்பதே எங்கும் சிக்கலின்றி ஓடும். 30 பிரேமில் எடுத்த படத்தை அதற்கு மாற்றினால் அசைவு தடுமாறும் என்பதால், இந்த முடிவைப் படப்பிடிப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பொதுவெளியில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. விண்ணப்பங்கள் முடியும் வரை கடவுச்சொல் இட்ட இணைப்பை வைத்திருங்கள். குழுவினருக்கும் அதே இணைப்பை அனுப்பி, எப்போது பொதுவில் வெளியாகும் என்ற தேதியையும் கூடவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்களில் ஒருவர் ஆர்வத்தில் தம் பக்கத்தில் ஏற்றிவிடுவார்.